அம்மா அப்பாவுக்கு வீட்டுக்கே வரும் அரச பராமரிப்பு: ஒன்ராறியோவில் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஸ்காபரோவில் என் அம்மாவுக்கு இந்த உதவியை எடுத்துக்கொடுக்க நான் பட்ட பாட்டைக் கேள்விப்பட்டு, சொந்தக்காரர், கோயிலில் காண்பவர், அவர்களுக்குத் தெரிந்தவர் என்று பலரும் கூப்பிடத் தொடங்கினார்கள். கேட்பது பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் ஒரு மணித்தியாலம் கதைப்பதைவிட எழுதி வைப்பது சுலபம் என்று இதை எழுதுகிறேன். நான் வைத்தியரும் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. இது ஒன்ராறியோவுக்கு மட்டும்தான் பொருந்தும். மொன்றியலிலும் வன்கூவரிலும் முறை வேறு.

முதலில் யாரைக் கூப்பிட வேண்டும்?

310-2222. முன்னால் 416, 905 என்று பிரதேச எண் எதுவும் போட வேண்டாம். ஒன்ராறியோவில் எங்கிருந்து அழுத்தினாலும் உங்கள் பகுதிக்குரிய அலுவலகத்துக்குப் போகும். அந்த நிறுவனத்தின் பெயர் இப்போது ஒன்ராறியோ ஹெல்த் அற்ஹோம். "என் அம்மாவுக்கு வீட்டுப் பராமரிப்பு தேவை, மதிப்பீடு செய்ய வேண்டும்" என்று சொன்னால் போதும். சுகாதார அட்டை எண், பிறந்த திகதி, முகவரி, குடும்ப வைத்தியரின் பெயர் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

அது சி.சி.ஏ.சி. இல்லையா?

அதேதான், சட்டையை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறது. 1990களின் நடுப்பகுதியில் சி.சி.ஏ.சி. என்று தொடங்கியது. 2017இல் அதை எல்.எச்.ஐ.என். என்ற பிராந்திய அமைப்புகளுக்குள் கரைத்தார்கள். 2021இல் இன்னொரு நீளமான பெயர் வந்தது. 2024 ஜூன் 28ஆம் திகதி, மாகாணத்தில் தனித்தனியாக இருந்த 14 அமைப்புகளை ஒன்றாக்கி இப்போதைய பெயரைச் சூட்டினார்கள். நம் ஆட்களில் பாதிப்பேர் இன்னும் சி.சி.ஏ.சி. என்றுதான் சொல்கிறார்கள். வைத்தியசாலையில் அப்படிச் சொன்னாலும் விளங்கிக்கொள்வார்கள்.

வைத்தியரின் கடிதம் வேண்டாமா?

தொடங்குவதற்கு வேண்டாம். முதியவர் தானே கூப்பிடலாம், மகன் கூப்பிடலாம், அயலவர்கூடக் கூப்பிடலாம், அந்த முதியவர் சம்மதித்தால் சரி. "வைத்தியர் அனுப்பவில்லை" என்று ஆறு மாதம் காத்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆனால் ஊசி போடுவது, புண்ணுக்கு மருந்து கட்டுவது போன்ற தாதி வேலைகளுக்குப் பொதுவாக வைத்தியரின் உத்தரவு தேவைப்படும். ஆகவே குடும்ப வைத்தியருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

எத்தனை வயதாக வேண்டும்? பிள்ளைகளின் வருமானத்தைப் பார்ப்பார்களா?

வயதெல்லை இல்லை. வருமானமும் பார்க்கமாட்டார்கள், பெற்றோருடையதையும் பார்ப்பதில்லை, உங்களுடையதையும் பார்ப்பதில்லை. ஓஹிப் என்ற மாகாண மருத்துவக் காப்புறுதியின் செல்லுபடியாகும் சுகாதார அட்டை இருக்க வேண்டும், உதவி உண்மையாகவே தேவைப்பட வேண்டும், வருகிற பணியாளருக்கு வீடு ஆபத்தில்லாததாக இருக்க வேண்டும். பெரிய நாய் வைத்திருப்பவர்கள் அந்த நேரத்தில் அதை ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். தாதி, பராமரிப்புப் பணியாளர், உடற்பயிற்சி மருத்துவர் (பிசியோதெரபிஸ்ற்) என்று யார் வந்தாலும் உங்களிடம் ஒரு சதமும் கேட்கமாட்டார்கள்.

வைத்தியசாலைக்குப் போனால் கேள்வியே இல்லாமல் பார்க்கிறார்கள். இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு அளந்து கொடுக்கிறார்கள்?

கனடாவின் மருத்துவத்துக்கு அடிப்படையான 1984ஆம் ஆண்டுச் சட்டம் வைத்தியரையும் வைத்தியசாலையையும் எல்லோருக்கும் கட்டாயமாகக் கிடைக்க வேண்டியவை என்கிறது. வீட்டுப் பராமரிப்பை அது வேறொரு பெட்டிக்குள் போட்டிருக்கிறது. அதை எவ்வளவு கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்பது மாகாணத்தின் விருப்பம். ஆகவே இருதய அறுவைச் சிகிச்சைக்குக் கணக்குப் பார்க்காத அரசாங்கம், அம்மாவைக் குளிப்பாட்டும் ஒரு மணித்தியாலத்துக்குக் கணக்குப் பார்க்கிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனாலும் முறை இதுதான்.

அம்மா சூப்பர் விசாவில் வந்திருக்கிறார். அவருக்குக் கிடைக்குமா?

கிடைக்காது. சூப்பர் விசாவில் வருபவர் பார்வையாளர்தான். 2022 ஜூலையிலிருந்து ஒரே தடவையில் ஐந்து வருடம் தங்கலாம் என்று மாற்றினார்கள். அதனால் பலர் இதை நிரந்தர வதிவிடம் போல நினைத்துக்கொள்கிறார்கள். அவருக்கு ஓஹிப் இல்லை. குறைந்தது ஒரு லட்சம் டொலருக்குத் தனியார் காப்புறுதி எடுத்துத்தான் வந்திருப்பார். அந்தக் காப்புறுதி திடீர் நோய்க்கும் விபத்துக்கும் உரியது. தினமும் குளிப்பாட்ட ஆள் அனுப்புவதற்கு அதை நம்ப முடியாது. 80 வயதுத் தாயைக் கூட்டிவர யோசிப்பவர்கள் விமானச் சீட்டு எடுக்கும் முன்னரே இதைப் பற்றிக் கதைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பொன்சர் செய்து நிரந்தர வதிவிடம் பெற்றவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு ஓஹிப் உண்டு. அதனால் இந்த உதவியும் உண்டு.

ஒவ்வொரு மாரிக்கும் அப்பா ஊருக்குப் போகிறார். அட்டை போய்விடுமா?

12 மாதங்களில் குறைந்தது 153 நாள் ஒன்ராறியோவில் இருக்க வேண்டும். நவம்பரில் யாழ்ப்பாணம் போய்ச் சித்திரைப் புத்தாண்டு முடிந்து வருபவருக்குப் பிரச்சினை இல்லை. போகும் முன் பராமரிப்பு ஒருங்கிணைப்பாளருக்குத் தகவல் சொல்லுங்கள். சொல்லாமல் போனால் பணியாளர் வந்து கதவைத் தட்டிவிட்டுத் திரும்புவார்; பிறகு அவருடைய கோப்பு மூடப்பட்டுவிடலாம். திரும்பி வந்ததும் புதிதாக மதிப்பீடு செய்ய வேண்டி வரும்.

மதிப்பீடு என்றால் என்ன செய்வார்கள்?

எத்தனை மணித்தியாலம் கிடைக்கும் என்பதையும் கிடைக்குமா என்பதையுமே இந்தச் சந்திப்புத்தான் தீர்மானிக்கிறது. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் வீட்டுக்கு வருவார். ஆங்கிலத்தில் கெயார் கோடினேற்றர் என்பார்கள். பெரும்பாலும் தாதியாகவோ சமூகப் பணியாளராகவோ வேலை செய்தவராக இருப்பார். மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் கேள்வி கேட்பார். இன்ரர்ராய் என்ற, பல நாடுகளில் பாவிக்கப்படும் படிவம் அது. மூன்று சொற்களைச் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்து நினைவிருக்கிறதா என்று கேட்பார். நடக்கச் சொல்லிப் பார்ப்பார். குளிப்பது, உடுப்பது, கழிவறைக்குப் போவது, கட்டிலிலிருந்து எழும்புவது, சாப்பிடுவது ஒவ்வொன்றையும் யாருடைய உதவியோடு செய்கிறார் என்று கேட்பார். இதில் முக்கியமானது, அன்றாட வேலைகளைப் பற்றிய கேள்விகள் கடந்த மூன்று நாட்களைப் பற்றியவை. "முன்பு செய்தார்", "செய்யக்கூடியவர்தான்" என்பதற்கெல்லாம் அங்கே இடமில்லை. இந்த மூன்று நாளில் உண்மையில் என்ன நடந்தது என்பதுதான் பதிவாகும்.

இனி எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அம்மா விடிய எழும்பி, எங்களைக் கொண்டு தலையை இழுத்துக் கட்டுவித்து, பட்டுச்சேலை ஒன்றை உடுத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். வந்த பெண்ணைக் கண்டதும் "தேத்தண்ணி போடட்டோ பிள்ளை?" என்றார். குளிக்க உதவி வேண்டுமா என்று கேட்டால் "இல்லை, நானே குளிப்பன்." விழுந்தீர்களா? "இல்லையே." சமைப்பீர்களா? "நான்தான் சமைக்கிறனான்." முந்தின கிழமை குளியலறையில் விழுந்து நாரியில் கன்றியிருந்தது. அடுப்பை அவர் தொட்டு எட்டு மாதமிருக்கும். நானோ பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்துக்கொண்டு, அம்மாவை வெளியாள் ஒருவர் முன்னால் பொய்காரியாக்க மனமில்லாமல் சும்மா இருந்துவிட்டேன். முடிவில் எங்களுக்குக் கிடைத்தது கிழமைக்கு ஒரு குளியல். தவறு எங்களுடையது. அந்தப் பெண் தான் கேட்டதைத்தானே எழுதுவார்?

இது எங்கள் அம்மாவின் கதை மட்டுமில்லை. நோவைச் சொல்லுவது முறைப்பாடு, பிள்ளைகள் பார்க்கவில்லை என்று சொல்லுவது போல ஆகிவிடும், வந்தவளுக்கு முன்னால் மானம் போய்விடும்: இப்படி நினைத்துத்தான் நம் பெரியவர்கள் எல்லாவற்றுக்கும் "பரவாயில்லை" என்கிறார்கள். அந்தப் படிவத்தில் "பரவாயில்லை" என்றால் உதவி தேவையில்லை என்று அர்த்தம்.

சரி, அப்படியென்றால் எப்படித் தயாராவது?

சந்திப்புக்கு முந்தின மூன்று, நான்கு நாட்களை ஒரு கொப்பியில் எழுதுங்கள். இரவில் எத்தனை தரம் எழும்பினார், யார் கூடப் போனது, எத்தனை தரம் உடுப்பு நனைந்தது, மாத்திரையை யார் எடுத்துக் கொடுத்தது, மாடிப்படி ஏறினாரா என்று எல்லாவற்றையும். கடந்த மூன்று மாதத்தில் விழுந்த நாட்களையும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போன நாட்களையும் தனியாகக் குறியுங்கள். மாத்திரைப் போத்தல்களை ஒரு பையில் போட்டு வையுங்கள். ஊரிலிருந்து வந்த ஆயுர்வேத எண்ணெயும் குளிசையும் அதற்குள் இருக்கட்டும்.

அம்மாவிடமும் முன்கூட்டியே கதையுங்கள். "நாளைக்கு வாற ஆள் விருந்தாளி இல்லை, டொக்டரிட்ட சொல்லுற மாதிரிச் சொல்லுங்கோ" என்று என் தம்பி சொன்ன வார்த்தை இரண்டாம் தடவை எங்களுக்கு உதவியது. அவர் முன்னாலேயே மறுத்துப் பேச உங்களுக்குத் தயக்கமாக இருந்தால், ஒருங்கிணைப்பாளரிடம் தனியாக ஐந்து நிமிடம் கேளுங்கள், அல்லது அடுத்த நாள் தொலைபேசியில் சொல்லுங்கள். கூட்டிச் சொல்லத் தேவையில்லை, குறைத்துச் சொல்லாமல் இருந்தால் போதும்.

இன்னொரு விடயம். பராமரிப்பவர் எப்படி இருக்கிறார் என்றும் அந்தப் படிவம் கேட்கிறது. நீங்கள் களைத்துப்போயிருக்கிறீர்களா, தொடர்ந்து செய்ய முடியுமா என்பதற்கு அதில் தனி இடமிருக்கிறது. அங்கேயும் நம்மவர்கள் "என்ர அம்மாதானே, எனக்கென்ன கஷ்டம்" என்கிறார்கள். இரவு வேலைக்குப் போய்வந்து பகலில் நித்திரை இல்லாமல் பார்க்கிறீர்களா? அதைச் சொல்லுங்கள். உங்களுக்கும் சர்க்கரை வியாதி, நாரிப்பிடிப்பு என்றால் அதையும் சொல்லுங்கள்.

நான் மொழிபெயர்த்தால் போதுமா, வேறு ஆள் வேண்டுமா?

வேறு ஆளைக் கேளுங்கள். தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை எடுத்துத் தருவார்கள், காசில்லை. சந்திப்பைக் குறிக்கும்போதே சொல்ல வேண்டும். சிறுநீர் கட்டுப்படவில்லை என்பதை மகன் வாயால் கேட்கவும் அம்மாவுக்குக் கூச்சம், மகனிடம் சொல்லவும் கூச்சம். முகம் தெரியாத ஒரு பெண் குரலிடம் அதையே சாதாரணமாகச் சொல்லிவிடுவார். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது.

ஒரே வீட்டில் நான்கு பேர் இருக்கிறோம். அதைச் சொல்லித் தட்டிக் கழிப்பார்களா?

குடும்பம் இருப்பதால் மட்டும் தகுதி போகாது. ஆனால் குடும்பம் எதைச் செய்கிறதோ அதைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். "யார் வீட்டில் இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் தலைகளை எண்ணாதீர்கள், நேரத்தைச் சொல்லுங்கள். "மூன்று பேர் காலை ஆறரைக்கு வேலைக்குப் போகிறோம், ஒருவர் பல்கலைக்கழகம் போகிறார், ஐந்து மணி வரை அம்மா தனிய" என்றால் நிலைமை விளங்கும். பேஸ்மென்ரில் இருக்கும் மருமகனை உதவியாளர் பட்டியலில் சேர்க்கும் முன் அவர் மாமியாரைக் குளிப்பாட்டுவாரா என்று யோசித்துப் பாருங்கள்.

எத்தனை மணித்தியாலம் தருவார்கள்?

நினைப்பதைவிடக் குறைவு. பலருக்கும் தொடக்கத்தில் கிழமைக்கு இரண்டு, மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு மணித்தியாலம் என்றுதான் வரும். நோய் முற்றியவர்களுக்கும் வைத்தியசாலையிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கும் அதிகம் கிடைக்கும். 24 மணித்தியாலமும் ஆள் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு வேலையை விட்டு நிற்க வேண்டாம். நிலைமை மாறினால் மறு மதிப்பீட்டுக்கு எப்போதும் கேட்கலாம். ஒரு வீழ்ச்சி, புதிய நோய், பராமரிப்பவரின் சுகயீனம் எதுவும் காரணம்தான். அவர்களாக வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

வருகிறவர் என்னென்ன செய்வார்?

பெரும்பாலும் வருபவர் பி.எஸ்.டபிள்யூ., அதாவது தனிநபர் பராமரிப்புப் பணியாளர். குளிப்பாட்டுவார், உடுப்பு மாற்றுவார், கழிவறைக்குக் கூட்டிப்போவார், கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றுவார், மாத்திரை நேரத்தை நினைவூட்டுவார், இருக்கிற சாப்பாட்டைச் சூடாக்கிக் கொடுப்பார். வீடு முழுக்கக் கூட்டித் துடைக்கவோ, வீட்டாருக்குச் சமைக்கவோ வருவதில்லை. பேரப்பிள்ளையையும் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒருவர் சண்டை பிடித்ததைக் கேள்விப்பட்டேன். பாவம் அந்தப் பணியாளர்.

புண், ஊசி, குழாய் போன்றவற்றைத் தாதி பார்ப்பார். வெளியே போகக்கூடியவர் என்றால் புண்ணுக்கு மருந்து கட்ட அவர்களின் கிளினிக்குக்கு வரச் சொல்லுவார்கள். உடற்பயிற்சி மருத்துவர் நாலைந்து தடவை வந்து பயிற்சி சொல்லித் தந்துவிட்டு நிறுத்திவிடுவார். உண்மையில் எனக்குப் பெறுமதியாகப் பட்டது தொழில்வழிச் சிகிச்சையாளரின் (ஒக்கியுபேஷனல் தெரபிஸ்ற்) ஒரே ஒரு வருகைதான். குளியல் தொட்டிக்கு இருக்கை, சுவரில் எங்கே கைபிடி பூட்டுவது, எந்தக் கம்பளத்தைச் சுருட்டி எறிவது என்று அரை நாளில் வீட்டையே மாற்றிவிட்டார். அவரையும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் பெரும்பாலும் வராது.

தமிழ் பேசும் பெண் ஒருவர் கிடைப்பாரா?

கேட்கலாம். மொழியையும் பண்பாட்டையும் மதித்து நடத்த வேண்டும் என்பது நோயாளியின் உரிமைகளில் ஒன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஆளை அனுப்புவது அரசின் அலுவலகம் இல்லை. அது ஒப்பந்தம் செய்துள்ள தனி நிறுவனங்கள். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் தமிழ்ப் பணியாளர் பலர் இருப்பதால் வாய்ப்புக் கூட. வடக்கே போகப் போகக் குறையும். பெண்தான் வேண்டும் என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்லுங்கள், பலர் அதைச் சொல்ல வெட்கப்பட்டுப் பிறகு பெற்றோர் கதவைத் திறக்காமல் விட்ட கதைகள் உண்டு. தமிழ் பேசாதவர் வந்தாலும் "நோகுது", "சுடுதண்ணி", "மெதுவா", "ஒண்டுக்கு" என்று நாலு சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டி வையுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த பிலிப்பைன்ஸ் பெண் அதைப் பார்த்தே படித்துக்கொண்டார்.

ஒவ்வொரு நாளும் வேறு ஆள் வருகிறார். சில நாள் ஒருவரும் வருவதில்லை. என்ன செய்வது?

பணியாளர் தட்டுப்பாடு பெரியது. வேலைக்கு ஏற்ற சம்பளமும் இல்லை. வராத நாளில் முதலில் அந்த நிறுவனத்தைக் கூப்பிடுங்கள், பிறகு ஒருங்கிணைப்பாளருக்கும் சொல்லுங்கள். திகதியையும் நேரத்தையும் எழுதி வைப்பது அவசியம். "அடிக்கடி வருவதில்லை" என்பதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. "இந்த மாதத்தில் ஐந்து நாள் வரவில்லை, இதோ திகதிகள்" என்றால் கேட்பார்கள்.

அம்மா இப்போது வைத்தியசாலையில். நாளைக்கே வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள்.

வைத்தியசாலைக்குள்ளேயே பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் இருப்பார். தாதியிடம் அவரைச் சந்திக்க வேண்டும் என்று கேளுங்கள், இன்றைக்கே கேளுங்கள். வீட்டுக்குப் போய்விட்டு 310-2222க்கு அழைப்பதைவிட உள்ளே இருந்துகொண்டு ஒழுங்கு செய்வது பல மடங்கு கெதி. முதல் வருகை எந்த நாள், எந்த நிறுவனம், அதன் தொலைபேசி எண் என்ன, வோக்கரும் கழிவறைக் கதிரையும் எப்போது வரும் என்ற நான்கையும் எழுத்தில் வாங்காமல் மேலங்கியைப் போடாதீர்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் அனுப்பினால் இன்னும் கவனம், சனி ஞாயிறில் பதில் சொல்ல ஆளைப் பிடிப்பது கடினம்.

வீட்டில் பார்க்கவே முடியாத நிலை என்றால் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 2022இல் வந்த சட்டத்தின்படி, சிகிச்சை முடிந்து நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்துக்குக் காத்திருப்பவரை, அவர் தெரிவு செய்யாத இல்லம் ஒன்றுக்கும் அனுப்பலாம். தென் ஒன்ராறியோவில் 70 கிலோமீற்றர் வரை. வைத்தியசாலை விடுவித்த பிறகும் போக மறுத்தால் ஒரு நாளுக்கு 400 டொலர் அறவிடலாம். பயப்படுத்தச் சொல்லவில்லை. இதைத் தெரியாமல் கையொப்பம் வைத்துவிட்டு, பிறகு "தமிழ்ச் சாப்பாடு இல்லாத ஊரில் அப்பாவை விட்டுவிட்டார்கள்" என்று அழுதவர்களைக் கண்டிருக்கிறேன்.

அம்மாவை நானே பார்க்கிறேன். அந்தக் காசை எனக்குத் தரமாட்டார்களா?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. குடும்பமே காசைப் பெற்று ஆளை வைத்துக்கொள்ளும் திட்டம் ஒன்று உண்டு. ஆனால் அது பெரும்பாலும் கடும் மருத்துவத் தேவையுள்ள சிறுவர்கள், மூளைக் காயம் பட்டவர்கள் போன்ற சிலருக்கானது. பெற்றோரைப் பார்ப்பதற்குச் சம்பளம் என்று அதை எண்ண வேண்டாம். உயிர் பிரியும் ஆபத்து உள்ளவரைப் பார்க்க வேலையிலிருந்து நின்றால் வேலைக் காப்புறுதியில் 26 கிழமை வரை எடுக்கலாம். 70 வயது தாண்டியவருக்கு மாகாண வரிச் சலுகை ஒன்றும் இருக்கிறது: மருத்துவச் செலவில் 6,000 டொலர் வரை 25 சதவீதம், அதாவது உச்சமாக 1,500 டொலர். வருமானம் கூடக் கூட அது குறையும். தனியாகக் காசு கொடுத்து ஆள் வைப்பவர்கள் பற்றுச்சீட்டை எறியாதீர்கள்.

வோக்கர், சக்கர நாற்காலி?

மாகாணத்தின் உபகரணத் திட்டம் விலையில் 75 சதவீதத்தைக் கொடுக்கும். கடையில் வாங்கிவிட்டுப் பிறகு பணம் கேட்க முடியாது. முதலில் அதற்கு அதிகாரம் பெற்ற சிகிச்சையாளர் படிவத்தை நிரப்ப வேண்டும். வைத்தியசாலைக் கட்டில் அதில் அடங்காது.

அப்பா "ஒருத்தரும் வரத் தேவையில்லை" என்கிறார்.

புரிந்துகொள்ளும் திறன் அவருக்கு இருக்கும்வரை அவர் சம்மதமில்லாமல் யாரும் எதையும் செய்ய முடியாது. இங்கத்தைய சட்டம் அப்படி. பிள்ளைகள் ஐந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டாலும் நடக்காது. அப்பாவுக்கு நன்றாக விளங்கும் காலத்திலேயே, பின்னால் தன் சார்பில் முடிவெடுக்க யார் என்று பராமரிப்புக்கான அதிகாரப் பத்திரம் எழுதி வைக்கச் செய்யுங்கள்.

வேண்டாம் என்பதற்குள் பெரும்பாலும் இருப்பது கூச்சம். அந்நியர் முன்னால் உடுப்பைக் களைவது யாருக்குத்தான் சுலபம்? எனக்குத் தெரிந்த ஒரு வாத்தியார், 40 வருடம் ஊரில் படிப்பித்தவர், குளியலுக்கு ஆள் என்றால் கோபப்பட்டார். மகள் அவரிடம் "இரத்த அழுத்தம் பார்க்க தாதி வருவா" என்று மட்டும் சொல்லித் தொடங்கினார், அதுவும் உண்மைதான். ஒரு மாதம் தாதியோடு பழகிய பிறகு, முதலில் காலை மட்டும் கழுவ விட்டார், பிறகு முதுகு. ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் சம்மதம் கேட்டிருந்தால் அது அன்றோடு முடிந்திருக்கும்.

இல்லை என்று சொல்லிவிட்டால், அல்லது நேரத்தைக் குறைத்துவிட்டால்?

முடிவை எழுத்தில் கேளுங்கள். முதலில் ஒருங்கிணைப்பாளரின் மேலாளரிடம் முறைப்பாடு. அங்கே சரிவராவிட்டால், சுகாதாரச் சேவைகள் மேன்முறையீட்டுச் சபை என்ற தனி அமைப்புக்குப் போகலாம். தகுதி இல்லை என்றது, நேரத்தைக் குறைத்தது, சேவையை நிறுத்தியது எல்லாவற்றையும் அங்கே கேள்விக்குட்படுத்தலாம். நடத்தப்பட்ட விதம் பிழை என்றால் நோயாளர் குறைகேள் அதிகாரியும் இருக்கிறார். எங்கள் விடயத்தில் இவ்வளவு தூரம் போகத் தேவைப்படவில்லை. மறு மதிப்பீடு கேட்டோம், கொப்பியை நீட்டினோம், கிழமைக்கு ஒன்று என்றிருந்தது ஐந்தானது.

கடைசி நாட்களை வீட்டிலேயே கழிக்க வேண்டும் என்கிறார்.

முடியும். நோய்தணிப்புப் பராமரிப்பு (பலியேற்றிவ் கெயார்) என்று கேளுங்கள். தாதி அடிக்கடி வருவார், வலிக்கான மருந்தும் பொருட்களும் வீட்டுக்கே வரும், வீட்டுக்கு வரும் வைத்தியரையும் சில இடங்களில் ஒழுங்கு செய்யலாம். 2024 செப்டெம்பரில் புதிய விநியோக ஒப்பந்தம் தொடங்கியபோது இந்தப் பொருட்கள் பல வீடுகளுக்கு வந்து சேராமல் பெரிய பிரச்சினையாகிச் செய்தியானது. ஆகவே முடிந்துபோகும் வரை விடாமல், சில நாளுக்கு முன்பே தாதியிடம் சொல்லி எடுத்து வையுங்கள்.

மிக முக்கியமான ஒரு கடதாசி இருக்கிறது. மூச்சு நின்ற பிறகு மீட்க வேண்டாம் என்பதை உறுதிப்படுத்தும் மாகாணப் படிவம் அது, வைத்தியரோ தாதியோ கையொப்பமிட்டுத் தருவார். அது வீட்டில் இல்லாமல் பதற்றத்தில் 911ஐக் கூப்பிட்டால், வருகிற துணை மருத்துவர்கள் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முயலத்தான் வேண்டும், அது அவர்கள் கடமை. அந்தக் கடதாசியை எங்கே வைத்திருக்கிறோம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். யாரை முதலில் கூப்பிடுவது என்பதையும் தாதியிடம் கேட்டு அதன் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். தேவாரம் படிக்கவும் பால் பருக்கவும் வீட்டில் ஆட்கள் கூடும் நேரத்தில் அவர் அமைதியாகப் போக அது வேண்டும்.

இந்த உதவியும் போதவில்லை என்றால்?

நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்துக்கு விண்ணப்பிப்பதும் இதே ஒருங்கிணைப்பாளர் மூலம்தான். தமிழர் அதிகம் உள்ள இல்லங்களுக்கு வரிசை வருடக் கணக்கில் நீளும், ஆகவே தேவைப்படும் முன்னரே பெயரைப் பதியச் சொல்லி நான் எல்லோருக்கும் சொல்கிறேன். இடையில் நீங்கள் மூச்சு விட, குறுகியகாலத் தங்கல் உண்டு. ஒரு தடவையில் 60 நாள் வரை, வருடத்தில் மொத்தம் 90 நாள். அதற்குச் சிறு கட்டணம் உண்டு. பகல்நேர நிகழ்ச்சிகளும் இருக்கின்றன. என் அம்மா முதலில் போகமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். அங்கே கரம்போர்டு ஆட ஒரு பருத்தித்துறைக்காரி கிடைத்த பிறகு, பனி கொட்டும் நாளில்கூட பஸ் வருகிறதா என்று யன்னலில் நின்று பார்க்கத் தொடங்கிவிட்டார்.